பச்சைப் பொட்டு

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் என்ஜினைக் கிளப்பித்தான் பார்ப்பார்கள். சத்தம் நன்றாக இருந்துவிட்டால் பாதி மனசு அங்கேயே விழுந்துவிடும். அப்புறம் பெயின்ட், அப்புறம் சீட்டு, அப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கேள்வி. குனிந்து அடியில் பார்ப்பவர் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. என்ஜின் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஆளைக் கவிழ்ப்பவை அடியில் இருக்கும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள். இதை நான் இருபத்தேழு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

ஸ்வர்ணா மேடம், நடந்ததை உங்கள் போலீஸ் ஃபைலுக்கு என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் கோலார் தங்கவயல்காரர், தமிழ் படிப்பீர்கள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் எழுதினால் ஒற்றுப்பிழை வரும். பிழையோடு ஒரு காகிதத்தை யாரிடமும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. இதையே நீதிபதி முன்னால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும் என்றீர்கள். சொல்கிறேன். காபி ஆறுகிறது, நீங்கள் குடியுங்கள்.

என் பெயர் ஸ்ரீவித்யா. வயது ஐம்பத்து நான்கு. அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, என் அப்பா கட்டிய இந்த வீட்டில்தான் பிறந்ததிலிருந்து இருக்கிறேன். அப்பா மாநிலப் பொதுப்பணித் துறையில் இருந்தவர். நான் பொம்மசந்திராவில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் ரகுராமைச் சற்றுமுன் உள்ளறையில் பார்த்தீர்கள். அவருக்குக் காது கேட்கும். பேச்சு இல்லை, கை கால் அசையாது. கண் இமை மட்டும் திறந்து மூடும். போன பிப்ரவரியில், ஆனேக்கல் தாண்டி இருக்கும் எங்கள் தோட்டத்தில் நான்கு சக்கர பைக் கவிழ்ந்து இப்படி ஆனார். பின்னால் உட்கார்ந்திருந்த லட்சுமம்மா அந்த இடத்திலேயே போய்விட்டாள். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது விபத்து இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். இரும்புத் துண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. துண்டைச் சுத்தமாகத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடிப்போம். பத்து நிமிடம் காத்திருப்போம். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளை மருந்து அடித்தால், உள்ளே போனது ஊறி வந்து சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு வந்தால் துண்டு கழிவுத் தொட்டிக்குப் போகும். வராவிட்டால் பச்சைப் பெயின்ட் பேனாவால் ஒரு பொட்டு வைத்து, பக்கத்தில் என் எண்ணை எழுதுவேன். என் எண் பதினேழு. அந்தப் பொட்டு இல்லாமல் எதுவும் எங்கள் வாசலைத் தாண்டாது.

கூட வேலை செய்கிறவர்கள் யாராவது பழைய ஸ்கூட்டரோ காரோ வாங்குவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கைப்பையில் மூன்று ஸ்ப்ரே டப்பாவோடு போவேன். விற்கிறவர்கள் என்னைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு. பார்த்து முடித்ததும், "மேடம், நம்ம பொட்டு ஒண்ணு வெச்சுடுங்க" என்பார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு அது சாஸ்திரம் மாதிரி ஆகிவிட்டது. என் மேலாளர் சுதீர் தன் மகளுக்கு வாங்கிய ஸ்கூட்டருக்குக் கோவில் வாசலில் பூஜை போடும்போது, பூசாரியைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு என்னைப் பொட்டு வைக்கச் சொன்னார். இந்த வருஷம் வரை என் பொட்டு ஒரு முறைகூடப் பொய் சொன்னதில்லை.

ரகுராம் நல்ல மனிதர். இதை நீங்கள் அடிக்கோடு போட்டே வைத்துக்கொள்ளலாம். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது, குரல்கூட உயர்ந்தது கிடையாது. மழை நாளில் கம்பெனி பஸ்ஸை விட்டு நான் இறங்கினால் குடையோடு நிற்பார். தெருவில் யார் வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் நம் வீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பழக்கம். எதையும் தனியாக முடிவு செய்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்ததாகச் சொல்வார். பொய் சொல்வதாக அவருக்கே தெரியாது. நிஜமாகவே என்னிடம் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம், தத்தெடுக்க ஓர் இல்லத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு கிரகப்பிரவேசத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ரகுராம் சொன்னார். "அது வேண்டாம்னு விட்டுட்டோம் சார். நாங்க ரெண்டு பேரே போதும்னு தோணிடுச்சு." விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் அவருக்கு மறுபக்கத்து இலையில் இருந்தேன். பாயசம் விட்டுக்கொண்டு வந்தார்கள். போட்டுக்கொண்டேன்.

ஆனேக்கல் தாண்டி, காட்டோரம், பாறைச் சரிவில் ஒரு தோட்டம் வாங்கி மேலே சின்னதாக ஒரு வீடும் கட்டியிருந்தார். வாசல் கேட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மண் ஏற்றம். கார் ஏறாது. சனி, ஞாயிறு போய்வருவோம். போன டிசம்பரில் ஒரு நாள் காலை உப்புமா சாப்பிட்டுக்கொண்டே, "ஏப்ரல்ல நாம அங்கயே போயிடறோம் ஸ்ரீ. இந்த வீட்ட பில்டர்கிட்ட பேசி முடிச்சாச்சு, இடிச்சு அபார்ட்மென்ட் கட்டறான். நீ ஒரு சைன் போடணும்" என்றார். வீடு என் பெயரில் இருக்கிறது. பேனாவையும் அவரே எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கை எச்சிலாக இருக்கிறது, அப்புறம் போடுகிறேன் என்றேன்.

அதே வாரம் சுதீர் என் மேஜைக்கு வந்தார். "என்ன மேடம், மார்ச்சோட நிக்கறீங்களாமே? சார மெட்ரோல பாத்தேன், அவர்தான் சொன்னாரு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலயே. ஃபேர்வெல்லுக்கு ஹால்கூட புக் பண்ணிட்டோம்" என்றார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது. என்னைக் கேட்காமல் என் வேலை போய்விட்டது என்று சொன்னால் ரகுராமைப் பற்றி என்ன நினைப்பார்கள்.

வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஒரு முறை சொன்னேன், மேடம். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில், "எனக்கு இந்த வீடு இருக்கட்டும், வேலையும் இன்னும் ஆறு வருஷம் இருக்கே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "எல்லாம் உனக்காகத்தானே ஸ்ரீ" என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. முப்பது வருஷமாகவே தாங்காது.

ஜனவரியில் போனில் ஒரு படத்தைக் காட்டினார். "நாம ஏடிவி வாங்கறோம்" என்றார். பைக் மாதிரி ஹேண்டில், நான்கு தடித்த சக்கரம், பின்னால் ஓர் ஆள் உட்கார நீளமான சீட்டு. ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. தோட்டம், மேடு, பள்ளம் இவற்றுக்கான வண்டி. புதிதாக வாங்கப் போனால் கார் விலை சொல்கிறார்கள், பழையது ஒன்று வந்திருக்கிறது, நான்கு வருஷம்தான் ஆகிறது என்றார். "உன் முட்டிக்கு அந்த ஏத்தம் ஆகாது. பின்னாடி ஏறி உக்காந்துக்கோ, ராணி மாதிரி மேல கொண்டு விட்டுடறேன்" என்றார். ஆகவே அது எனக்காக வாங்கப்பட்ட வண்டி. அதையும் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து சொல்லி, நான் மறைத்ததாக ஆகக் கூடாது.

தோட்டத்தில் போர்வெல் ஆட்கள் வரும் நாள் என்பதால் வண்டியைப் பார்க்க அவர் வரவில்லை. "நீ போய்ப் பச்சை வெச்சுட்டு வா, மத்ததெல்லாம் பேசியாச்சு" என்றார். பாகலூர் ரோட்டில் ஒரு கொட்டகை. விற்பவர் பெயர் ஓஸ்வால்ட். வார இறுதியில் ஆட்களைக் கூட்டிப்போய் இந்த வண்டிகளில் சுற்றவிடும் ஒரு முகாம் நடத்தியவர். அதை மூடிவிட்டு வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். காலை பதினோரு மணி இருக்கும். போகும்போது எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். எப்போதும் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான்.

ஓஸ்வால்ட் நான் பார்த்த விற்பனைக்காரர்களிலேயே யோக்கியமானவர். நான் குனிவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "மேடம், உள்ளத சொல்லிடறேன். லெஃப்ட் சைடு முன் வீலு ஒரு வாட்டி பாறையில செம்ம இடி இடிச்சிருக்கு. அதுக்கப்புறம் கெஸ்ட் யாரையும் நான் இதுல ஏத்தல. ஓடறதுக்கு நல்லாதான் ஓடுது. ஆனா உள்ள என்ன ஆயிருக்குன்னு எனக்குத் தெரியாது. ஸ்வல்ப பாத்துக்குங்க."

என்ஜின் கேட்டேன், நன்றாக இருந்தது. செயின், பிரேக், பின் அச்சு எல்லாம் சரி. இடது முன்சக்கரத்தையும் ஹேண்டிலையும் சேர்த்துப் பிடிக்கிற, முஷ்டி அளவு இரும்புத் துண்டு ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் அதை நக்கிள் என்போம். அதைத் துடைத்துச் சாயம் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஓஸ்வால்ட் தன் மனைவி பிரிஸில்லாவுக்கு வீசிங் என்றும், மங்களூர்ப் பக்கம் போய்விடலாமா என்று தினமும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். "அவ ஓகேன்னா போலாம். அவ இன்னும் ஓகே சொல்லல" என்றார். அதைக் கேட்டுக்கொண்டே வெள்ளை மருந்தை அடித்தேன்.

கோடு வந்தது. விரல் நகத்தின் நீளம். மெதுவாக, நன்றாகச் சிவந்து வந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கோடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குப் பயமோ அதிர்ச்சியோ வரவில்லை. நிம்மதி வந்தது. வெகுநேரம் நின்றுகொண்டே வந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது. என்னவென்றே புரியாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார் ஓஸ்வால்ட். "இது ஆகாது மேடம். சமதரைல தாங்கும். எறக்கத்துல ஆள வெச்சுத் திருப்பினா அவ்ளோதான். ஒண்ணு இத விட்டுடுங்க, இல்ல இந்தப் பார்ட்ட மாத்திட்டு ஓட்டுங்க. புதுசு எங்க கெடைக்கும்னு அட்ரஸ் எழுதித் தரேன்." எழுதியும் கொடுத்தார்.

அந்த நேரம் ரகுராம் போன் செய்தார். பின்னால் போர்வெல் மிஷின் சத்தம். "என்ன ஸ்ரீ, பச்சையா?" என்று கத்தினார்.

"பச்சை" என்றேன்.

ஓஸ்வால்டிடம், பார்ட்டை நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்று சொன்னேன். அவர் டெம்போவுக்குப் பேச வெளியே போனபோது, கோட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் பொட்டு வைத்தேன். பக்கத்தில் பதினேழு என்று எழுதினேன். உள்ளே இறங்கிய சாயத்தைத் துடைத்து எடுக்க முடியாது. அது விரிசலுக்குள்ளேயேதான் இருக்கும். உடைந்த துண்டை மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது உடைந்த முகத்தில் சிவப்பும், பக்கத்திலேயே பச்சையும் இருந்ததால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அப்படி நடக்கும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஒளிக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் பொட்டு வைக்காமல் விட்டிருப்பேன். ஆனால் பொட்டு இல்லாவிட்டால் ரகுராம் ஏற மாட்டாரே.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஏப்ரல் வரக் கூடாது என்று நினைத்தேன். இரண்டும் வேறு வேறு.

வண்டி தோட்டத்துக்குப் போய், ஆட்கள் அதை மேலே வீடு வரை தள்ளி ஏற்றிவிட, தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத்தான் எடுப்பது என்று ரகுராம் முடிவு செய்திருந்தார். பதினைந்து நாள் எனக்குக் கிடைத்தது. பதினைந்து நாளும் வேலைக்குப் போனேன், சமைத்தேன், அவர் சட்டைகளை இஸ்திரி போட்டேன். நடுவில் ஒரு நாள் ஓஸ்வால்ட் போன் செய்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பார்ட்டு மாத்திட்டீங்களா? மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் கேட்டேன்" என்றார். மாற்றியாச்சு என்றேன். "அப்ப சரி மேடம், தேங்க்ஸ்" என்றார். பாவம், அவரை ஸ்டேஷனுக்கு அலைய வைக்காதீர்கள். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

லட்சுமம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர்க்காரி. தோட்டத்துக்குக் காவலும் அவள்தான், வேலையும் அவள்தான். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். அவளிடம் ஒரு குணம் உண்டு. எதையும் என்னிடம் கேட்காமல் செய்ய மாட்டாள். "இந்த ரோஜாவ இங்க நடலாமாம்மா?" "கோழிக்கு இந்தச் சட்டிய எடுத்துக்கலாமாம்மா?" "மகள் வந்திருக்கா, நாளைக்கு லேட்டா வரலாமாம்மா?" முதலில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. சட்டிக்கெல்லாம் ஒரு கேள்வியா என்று. பிறகு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போவதே அவள் என்ன கேட்பாள் என்று பார்க்கத்தான் என்று ஆகிவிட்டது. நான் "வேண்டாம்" என்று சொன்ன நாட்களில்கூட, "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போவாள். முகம் வாடாது. என் வாழ்க்கையில் என்னைக் கேட்டுச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மேலே வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பூஜை போட்டோம். லட்சுமம்மா சாமந்தி மாலை கட்டி வைத்திருந்தாள். பூசணிக்காய் உடைத்தது, கற்பூரம் காட்டியது எல்லாம் அவள்தான். ரகுராம் கைப்பிடிக்கும் விளக்குக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். முன்சக்கரத்திடம் குனிந்தபோது பச்சையைப் பார்த்துவிட்டார். "எங்க வீட்டு இன்ஸ்பெக்டரம்மா வெச்சிருக்காங்க பாரு லட்சுமம்மா, இதுக்கு மேல சாமியே வேண்டாம்" என்று சிரித்தார். அந்தப் பொட்டுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் குங்குமம் வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

வண்டி எடுத்தால் முதல் சுற்றுக்கு வீட்டுக்காரியைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோவது எங்கள் வீடுகளில் வழக்கம். ரகுராமுக்கு அதில் ரொம்பப் பிடிப்பு. ஸ்கூட்டர் வாங்கியபோதும் அப்படித்தான், கார் வாங்கியபோதும் அப்படித்தான். "ஏறு ஸ்ரீ, ஜோடியா கேட்டு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். எனக்கு முட்டி வலியாக இருக்கிறது, ஏற முடியாது என்றேன். தனியாக முதல் சுற்றுப் போக அவர் ஒப்பவில்லை. லட்சுமம்மா ஏறிக்கொண்டாள். இரண்டு பேரும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

வீட்டிலிருந்து கேட்டுக்கு இறங்கும் பாதையில் இரண்டு திருப்பம். முதல் திருப்பத்தில் ஒன்றும் ஆகவில்லை. லட்சுமம்மா ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் தலையில் இருந்த பூவையும் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது திருப்பத்தில், பாறைக்குப் பக்கத்தில், இடது சக்கரம் தனியாக வெளியே மடிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. வண்டி முன்பக்கமாகப் புரண்டு, ரகுராமைப் பாறைமேல் எறிந்துவிட்டு, லட்சுமம்மாவின் மேல் நின்றது. நான் இறங்கிப் போனேன். முட்டி அன்றைக்கு வலிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆம்புலன்ஸுக்கும் சொன்னேன், லட்சுமம்மாவின் மகளுக்கும் சொன்னேன். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்து ஒரு நாள் கண்ணாடி முன்னால்கூட உட்கார்ந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நின்றது. பில்டர் வந்து பழங்கள் வைத்துவிட்டுப் போனார், திரும்ப வரவில்லை. சுதீர் ஹாலை ரத்து செய்துவிட்டு, எனக்கு வீட்டுக்குப் பக்கமாக ஷிஃப்ட் பஸ் ஏற்பாடு செய்து தந்தார். ஏப்ரல் வந்தது. இந்த வீட்டிலேயே வந்தது.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு, மேடம். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால், அதன்மேல் ஒரு கோடு போட்டு, சரியானதைக் கீழே எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். மேலே ஓர் இடத்தில் "லட்சுமம்மா ஏறிக்கொண்டாள்" என்று எழுதியிருக்கிறேன். அதில் கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள். சரியானது இதுதான்.

நான் வரவில்லை என்றதும் ரகுராம் முகம் வாட ஆரம்பித்தது. "அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம், உன் முட்டி சரியானப்புறம்" என்று சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டார். இன்னொரு நாள் என்றால் நான்தான் பின்னால் உட்கார வேண்டும். அன்றைக்கும் ஏற மாட்டேன் என்றால், வண்டியில் ஏதோ கோளாறு என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் லட்சுமம்மாவைப் பார்த்தேன். "பூஜை போட்டதே அவதானே, அவளக் கூட்டிட்டுப் போங்க. அவளும் நம்ம வீட்டுப் பொம்பளதான்" என்றேன். ரகுராமுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "ஆமா, அதுவும் சரி. வா லட்சுமம்மா" என்றார்.

அவள் ஏறவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, நானு யாக்கே, எதுக்கு? நீங்க குந்தற எடம்மா அது" என்றாள். பிறகு, அவள் வழக்கப்படி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நான் குந்தலாமாம்மா?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் "சரிம்மா" என்று போயிருப்பாள். அவள் ஒருத்தியிடம்தான் நான் அப்படிச் சொல்ல முடியும். சொல்லிப் பழக்கமும் இருந்தது.

"குந்து" என்றேன்.

இதுதான் நடந்தது. மற்றதையெல்லாம் எப்படி எழுதிக்கொண்டாலும் சரி, இந்த ஒரு வார்த்தையைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கப் போவதில்லை. ரகுராமைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் தர்ஷினி என்ற பெண் பன்னிரண்டு மணிக்கு வருவாள், அவளிடம் சொன்னால் பார்த்துக்கொள்வாள். நல்ல பெண். வந்த புதிதில், "ஆன்ட்டி, சாருக்கு எல்லாம் புரியுது. ஒரு தடவ கண்ணச் சிமிட்டினா ஆமா, ரெண்டு தடவன்னா இல்ல, அப்படிப் பழக்கிடலாம்" என்றாள். நான்தான் அதெல்லாம் வேண்டாம் என்றேன். இந்த நிலைமையில் அவரை எதற்குச் சிரமப்படுத்துவது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் மனசு தெரியாதா.

ஒன்றை மட்டும் நீங்கள் கவனித்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குத் திருப்பிச் செய்யவில்லை. இந்த வீட்டில் இப்போது எதுவும் கேட்காமல் நடப்பதில்லை. ஜன்னலைத் திறக்கட்டுமா என்பதிலிருந்து, அவருடைய தோட்டத்தை விற்றுவிடட்டுமா என்பது வரை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். கேட்கும்போது கண்ணைப் படபடவென்று கொட்டுவார், சில சமயம் தண்ணீர்கூட வரும். கேட்கிறாளே என்ற நெகிழ்ச்சிதான்.

எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் கொடுங்கள். உள்ளே போய் இதை அவருக்குப் படித்துக் காட்டி, போடட்டுமா என்று கேட்டுவிட்டு வருகிறேன். நேரம் ஆகாது, மேடம். அவர் இதுவரை எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை.